சூடானதும் திணறும் இன்ஜின்: பழுதை எந்த வழியில் தேடுவது?

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. நாகர்கோவில் வடசேரியில் எடுத்த வண்டி தோட்டியோடு என்ற ஊரைத் தாண்டும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் திக்குவது) தொடங்குகிறது, பிக்கப் போய்விடுகிறது, தக்கலை நெரிசலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் ஒழுங்காக ஓடுகிறது.

இப்படி ஒரு பெட்ரோல் கார் கையில் இருந்தால் போக நான்கு வழிகள் உண்டு. சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் போனில் காட்டும் புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி நாமே ஓட்டத்தில் கவனிக்கலாம். ஸ்கேனரும் பிரஷர் கேஜும் வைத்திருக்கும் தனியார் பட்டறைக்குப் போகலாம். கம்பெனி சர்வீஸில் விடலாம். எது மலிவு என்று மட்டும் பார்த்தால் முடிவு தவறிப்போகும். இந்தப் பழுது சூட்டில் மட்டும்தான் வெளியே வருகிறது. அது வெளியே நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியின் அருகே கருவியோடு ஓர் ஆள் இருப்பாரா என்பதை வைத்தே ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

சூட்டில் என்ன மாறுகிறது

குளிர்ந்த இன்ஜினுக்கு இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் கொடுக்கிறது. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் சிறு காற்றுக் கசிவு இருந்தாலும், பம்பு கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும், அந்தக் கூடுதல் பெட்ரோல் அதை மறைத்துவிடும். எக்ஸாஸ்ட் புகையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடான பிறகுதான் சரியாகப் பேசும். கூலண்டும் சூடேறி, சென்சாரும் தயாரானதும் இ.சி.யு. 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்குக்கு இறங்குகிறது. அதுவரை மூடிக்கிடந்த குறைகள் அப்போது தெரியவரும்.

இன்னொரு காரணம் மின்சாரம். செம்புக் கம்பியின் மின்தடை சூட்டில் ஏறும். ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்குள் இன்சுலேஷன் விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விரியும்போது ஸ்பார்க் உள்ளேயே கசிந்துவிடும். இன்ஜின் சுற்றுவதை இ.சி.யு.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாருக்குள் முடி அளவு அறுந்த கம்பி குளிரில் ஒட்டிக்கொண்டும் சூட்டில் பிரிந்தும் இருக்கும். இயந்திர வகையில் பார்த்தால் வால்வு சூட்டில் நீளும். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து) ஏற்கெனவே குறைந்திருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கசியும். எல்.பி.ஜி., சி.என்.ஜி.க்கு மாற்றிய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து இந்த இடைவெளி சீக்கிரம் குறைகிறது.

மழைக்காலத்தில் வரும் மிஸ்ஸிங்கை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பிளக் குழியில் ஈரம் இறங்கினால் வண்டி குளிரில் திக்கும், சூடேறி ஈரம் காய்ந்ததும் சரியாகும். அது இதற்கு நேர் எதிரான நோய். பார்க்க வேண்டிய இடமும் வேறு.

எப்படித் திணறுகிறது என்று முதலில் பிரியுங்கள்

எந்த வழியைத் தேர்வது என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் மின்சாரப் பக்கம்: கிராங்க் சென்சார், பம்பு ரிலே, மெயின் ரிலே, எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காயில். நின்ற உடனே செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அந்த முள் கிராங்க் சென்சாரின் சிக்னலை நம்பியே ஆடுகிறது. இன்ஜின் சுற்றியும் முள் அசையவே இல்லை என்றால் சென்சார் மேல் பலமான சந்தேகம் வைக்கலாம்.

நிற்காமல், மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் மட்டும் இழுவை தேய்ந்துகொண்டே போனால் எரிபொருள் பக்கம் அல்லது எக்ஸாஸ்ட் அடைப்பு. வேகத்தில் ஒழுங்காக ஓடி, ஐடிலிங்கில் மட்டும் குலுங்கினால் காற்றுக் கசிவு, மூடாமல் திறந்தே நிற்கும் இ.ஜி.ஆர். வால்வு (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்புவது), அல்லது நான் சொன்ன வால்வு இடைவெளி. கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, சூட்டில் நிறுத்தி எடுத்தால் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டிய நிலை என்று சேர்ந்து வந்தால் எரிபொருள் அதிகமாகப் போகிறது: கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் பொய் சொல்கிறது அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். சில கோளாறுகள் சூட்டைப் பொறுத்தவையே அல்ல, ஓடிய நேரத்தைப் பொறுத்தவை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் இருபது முப்பது நிமிட ஓட்டத்தில் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரத்து குறையும். திணறும்போது நிறுத்தி மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, உடனே வண்டி சரியானால் செலவே இல்லாமல் பழுது கிடைத்துவிட்டது. மற்ற எதையும் தொடும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

பாகம் மாற்றிப் பார்க்கும் வழி

அதிகம் பேர் போவது இந்த வழியில்தான். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை, பாகம் அன்றே கிடைத்துவிடும். முதலில் பிளக், பிறகு காயில், பிறகு பம்பு, கடைசியில் ஆக்ஸிஜன் சென்சார் என்று பில் ஏறிக்கொண்டே போகும். மின்சாரப் பாகங்களைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. மாற்றிய மறுநாள் மழை பெய்து வண்டி அவ்வளவாகச் சூடாகாமல் ஓடினால், சரியாகிவிட்டது என்ற பொய் நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும்.

ஆனாலும் இதை முழுதாகத் தள்ள முடியாது. கெடு தாண்டிய பிளக், ஏர் ஃபில்டர், வெளியே தனியாக இருக்கும் பெட்ரோல் ஃபில்டர் ஆகியவை எப்படியும் மாற்ற வேண்டியவை. அவற்றை மாற்றிவிட்டே தேடலைத் தொடங்கலாம். சிலிண்டருக்கு ஒரு காயில் வீதம் உள்ள இன்ஜினில் காசில்லாமலே மாற்றிப் பார்க்கவும் வழி உண்டு. ஸ்கேனர் பி0302 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டினால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். இன்ஜினை அணைத்து, இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி சூடாகும்வரை ஓட்டுங்கள். பி0303 வந்தால் குற்றவாளி காயில்தான். பி0302 அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அந்தச் சிலிண்டரிலேயே தேட வேண்டும்.

ஆக்ஸிஜன் சென்சார், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், இ.சி.யு. மூன்றையும் சந்தேகத்தில் மாற்றவே கூடாது. பி0171 வந்தால் கலவையில் காற்று அதிகம் என்று ஆக்ஸிஜன் சென்சார் புகார் சொல்கிறது என்றுதான் பொருள். பெரும்பாலும் அந்தப் புகார் உண்மையாகவே இருக்கும். புகார் சொன்னவரை வேலையை விட்டு நீக்கினால் கசிவு அடையாது.

கையில் ஒரு ஸ்கேனர்

காரின் சோதனை இணைப்பான ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் புளூடூத் அடாப்டர் ஐந்நூறு முதல் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை சாக்கெட்டில் செருகிப் போனில் ஒரு செயலியைத் திறந்தால் போதும். இந்த வழியின் பெரிய பலம், பழுது வரும் நேரத்தில் கருவி எப்போதும் வண்டியிலேயே இருக்கிறது. ஓட்டத்தின் பதிவைச் சேமித்து வைத்துப் பிறகு நிதானமாகவும் பார்க்கலாம். பார்ப்பவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும், ஓட்டுபவர் அல்ல.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பதிவைத் தொடங்குங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் கூலண்ட் வெப்பமும் இன்டேக் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். நம் ஊர் விடியற்காலையில் இரண்டும் 25, 28 என்று வரும். கூலண்ட் மட்டும் 5 டிகிரி என்றோ மைனஸ் என்றோ காட்டினால் சென்சாரோ அதன் கனெக்டரோ கெட்டிருக்கிறது. ஓடத் தொடங்கியதும் அந்த எண் சீராக ஏறி 80-க்கும் 95-க்கும் இடையே நிலைகொள்ள வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் 40-லேயே நின்றால், குளிராக இருப்பதாக நம்பி இ.சி.யு. பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரைக் கழற்றியும் அளக்கலாம். பரவலான வகைகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும்.

சாவி போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் பாருங்கள். கன்னியாகுமரி, குளச்சல், நாகர்கோவில் எல்லாம் கடல் மட்டத்தை ஒட்டியவை என்பதால் 100 கிலோபாஸ்கல் அளவு காட்ட வேண்டும். 90 காட்டினால் சென்சாரை நம்ப முடியாது. சூடான ஐடிலிங்கில் அது 30 முதல் 40-க்குள் இறங்கும். 50-க்கு மேல் நின்றால் காற்றுக் கசிவோ வால்வு கோளாறோ இருக்கலாம்.

அடுத்தது ஃபியூயல் டிரிம்: இ.சி.யு. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண். இதுதான் இந்த வழியின் உயிர். குறுகிய கால டிரிமையும் நீண்ட கால டிரிமையும் கூட்டினால் வரும் எண் பத்து சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கமாக இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் +20 இருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் +3 என்று இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, வேகத்திலும் மேட்டிலும் +20 ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்பு, ஃபில்டர், அல்லது அழுக்கான ஏர்ஃபுளோ சென்சார். சூட்டில் மைனஸ் 20 என்று போனால் பெட்ரோல் அதிகம்.

இந்தக் கருவியால் முடியாதவையும் உண்டு. பெட்ரோல் அழுத்தம் பெரும்பாலான சாதாரண இன்ஜின்களில் இதில் தெரியாது. கம்ப்ரஷன் தெரியாது. சட்டென்று நிற்கும் வண்டியில் பல நேரம் பிழைக் குறியீடே பதிவாகாது. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஓட்டிப் பார்க்கலாம். கண்சிமிட்டினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கிறது. வேகத்தைக் குறைத்து, அன்றே சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

எந்தச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது என்பதும் முக்கியம். நிற்கும்போது திணறும் வண்டிக்கு மார்த்தாண்டம் சந்தைப் பக்கமும் திங்கள்சந்தையும் போதும். சுமையில் திணறும் வண்டியைக் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை ஏற்றத்துக்கு விடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடியில் முப்பந்தலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் நோக்கி வந்தால் எதிர்க்காற்றே நல்ல சுமை. பம்பின் பலவீனம் அங்கே தெரிந்துவிடும். டேங்கில் கால்வாசிக்குக் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போதும் ஒரு தடவை பாருங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். ரிசர்வில் மட்டும் திணறினால் அதுவே பெரிய தடயம்.

கேஜ் வைத்திருக்கும் பட்டறை

ஸ்கேனர் இல்லாத பட்டறை இன்று குறைவு. ஆகவே பார்க்க வேண்டியது ஃபியூயல் பிரஷர் கேஜும் கம்ப்ரஷன் கேஜும் இருக்கின்றனவா, சூட்டில் சோதிக்க அவர் நேரம் ஒதுக்குவாரா என்பதைத்தான். போன் செய்யும்போதே இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, வண்டி குளிர்ல நல்லா ஓடுது, இருபது நிமிஷம் ஓடினதும் மிஸ்ஸிங் வருது. சூடா கொண்டு வாறேன், வந்த உடனே கேஜ் போட்டுப் பாக்க முடியுமா?” முடியும் என்பவரிடம் போங்கள். “விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் பாக்கலாம்” என்றால், சாயங்காலம் அவர் பார்க்கப்போவது ஆறிய, ஒழுங்காக ஓடும் வண்டியை.

அங்கே கேட்க வேண்டிய சோதனைகள் இவை. பல சாதாரண பெட்ரோல் இன்ஜின்களில் எரிபொருள் அழுத்தம் 3 பார் அளவில் இருக்க வேண்டும். சரியான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். குளிரில் 3 இருந்து, சூட்டில் ரேஸ் கொடுக்கும்போது 2.2-க்கு விழுந்தால் பம்பு மேல் பழி போடும் முன் பம்பு முனையில் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றம் ரிலேயிலோ, வயரிலோ, எர்த்திலோ இருக்கிறது. கடலோர வண்டிகளில் இதை விட்டுவிடவே கூடாது. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு படியும், எர்த் பட்டை உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். இன்ஜின் ஓடி, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டிருக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ரப்பர் தோட்டப் பக்கமானால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

கம்ப்ரஷனை இன்ஜின் சூடாக இருக்கும்போதே, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு எடுக்க வேண்டும். எல்லாச் சிலிண்டரும் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் சரி. குளிரில் சமமாக இருந்து சூட்டில் ஒன்று மட்டும் விழுந்தால் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் அடைப்புக்கு வேக்குவம் கேஜ் போதும். நல்ல இன்ஜினின் சூடான ஐடிலிங்கில் 18 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்திருக்கும்போது அது நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே போனால் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறது.

கிராங்க் சென்சார் சந்தேகம் இருந்தால் வண்டி நின்ற உடனே அதன் மேல் ஈரத்துணி போட்டுக் குளிர்விக்கலாம். சுழலும் பெல்ட்டும் ஃபேனும் கிட்ட இருப்பதால் சாவியை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் உறுதியாகிறது. கசிவு தேட, சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள், எக்ஸாஸ்ட் சூட்டில் பற்றிக்கொள்ளும். புகையை உள்ளே விட்டுக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் இருக்கும் இடத்தில் பார்ப்பதே பாதுகாப்பு.

கம்பெனி சர்வீஸ்

வாரண்டி மிச்சம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேதான் போக வேண்டும். இ.சி.யு. சாஃப்ட்வேர் மாற்றம், இம்மொபிலைசர் (வேறு சாவியில் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு), மாற்றிய பின் இ.சி.யு.வில் பதிவு செய்ய வேண்டிய பாகம், பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட காமன் ரெயில் டீசல் இவற்றுக்கும் அதுவே சரி. குறை ஒன்றுதான்: காலையில் சாவியை வாங்கி, வரிசைப்படி எடுப்பார்கள். உங்கள் வண்டியின் முறை வரும்போது இன்ஜின் ஆறிப்போயிருக்கும். ஜாப் கார்டில் “மிஸ்ஸிங்” என்று மட்டும் எழுத விடாதீர்கள். எத்தனை நிமிட ஓட்டத்தில், என்ன வேகத்தில், டேங்கில் எவ்வளவு இருக்கும்போது வருகிறது என்று எழுதச் சொல்லி, டெக்னீஷியனோடு ரோடு டெஸ்ட் கேளுங்கள். போனில் எடுத்த பதிவு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

பைக், ஸ்கூட்டர், ஆட்டோ

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில் ஸ்கேனருக்கு வேலையே இல்லை. திணறியதும் நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். ஸ்கூட்டரில் ஆட்டோ சோக் (குளிரில் கூடுதல் பெட்ரோல் விடும் வழி) சூட்டிலும் மூடாமல் நிற்பது இதற்கு வழக்கமான காரணம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. நிறம் சரியாக இருந்து ஸ்பார்க் மட்டும் இல்லையென்றால் பல்சர் காயில் (ஸ்பார்க் நேரத்தைச் சொல்வது), சி.டி.ஐ. (ஸ்பார்க்கை இயக்கும் பெட்டி), இக்னிஷன் காயில் என்ற வரிசையில் பாருங்கள். ஆட்டோவில் எல்லாவற்றுக்கும் முன்னால் டாப்பெட். நன்றாக ஆறிய இன்ஜினில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, கையேட்டு அளவுக்கு. அரை மணி நேர வேலை அது.

எங்கே தொடங்குவது

2013-க்குப் பிந்தைய பெட்ரோல் கார், வாரண்டி முடிந்தது, நிற்காமல் திணறுகிறது என்றால் அடாப்டர் வாங்குங்கள். இரண்டு மூன்று ஓட்டங்களின் பதிவோடு கேஜ் உள்ள பட்டறைக்குப் போனால் அங்கே தேடும் நேரம் பாதியாகும். சட்டென்று நின்றுவிடும் வண்டிக்கு அடாப்டரில் காத்திருக்க வேண்டாம். நாகர்கோவில் களியக்காவிளை சாலையில் லாரிக்கு முன்னால் அணைந்தால் உயிருக்கு ஆபத்து. நேரே பட்டறைக்குப் போங்கள். தேவைப்பட்டால் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறினாலும், கூலண்ட் குறைந்துகொண்டே வந்தாலும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அது ஓவர்ஹீட்டிங், அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

பாகம் மாற்றிய பிறகு பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, முன்பு திணறிய அதே சாலையில், டேங்கில் அதே அளவு பெட்ரோலோடு, அதே நேரம் ஓட்டுங்கள். குறியீட்டை அழிக்கும்போது டிரிம் கணக்கும் பெரும்பாலும் அழிந்துவிடும், அதனால் முதல் சில கிலோமீட்டர் எண்களை நம்ப வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடான பின் ஐடிலிங்கிலும் 2,500 ஆர்.பி.எம்.மிலும் டிரிம் பத்துக்குள் நின்று, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒரே செல்ஃபில் எடுத்தால் பட்டறைக்குப் பாக்கியைக் கொடுக்கலாம்.